ஒளியால் பேசும் வண்டிகள்: அந்தப் பேச்சில் குறுக்கிடுவது எது?

முன்னால் போகும் கார் பிரேக் போடுகிறது. அதன் சிவப்பு விளக்கைப் பின்னால் வரும் ஓட்டுநர் பார்த்து, புரிந்துகொண்டு, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு நொடியாவது ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடிக்குள் வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். அதே பிரேக் லைட், கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிந்து, "பிரேக் போட்டுவிட்டேன், என் வேகம் இவ்வளவு, இப்படிக் குறைந்துகொண்டிருக்கிறது" என்று பின்வண்டியின் உணரிக்கே நேராகச் சொல்லிவிட்டால் அந்த 22 மீட்டரில் பெரும்பகுதி மிச்சமாகும். கட்புல ஒளித் தொடர்பு என்று அழைக்கப்படும் இந்த முறையை வாகனங்களில் கொண்டுவர உலகின் பல ஆய்வகங்கள் முயன்றுவருகின்றன. எல்இடி விளக்கு ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது. நொடிக்கு லட்சக்கணக்கான தடவை அணைந்து எரிய அதனால் முடியும். புதிதாக வேண்டியது விளக்கை இயக்கும் ஒரு சுற்றும், எதிர்ப்பக்கம் ஓர் ஒளியுணரியும்தான்.

இதைப் பற்றிய அறிமுகங்களில் "ஒளிக்குக் குறுக்கீடே கிடையாது" என்றொரு வரி அடிக்கடி வரும். அதில் பாதி உண்மை. கைபேசிக் கோபுரமோ வைஃபையோ ஒளியைத் தொந்தரவு செய்யாது. ஒரு லாரி குறுக்கே நின்றால் அதற்கு அப்பால் நடக்கும் பேச்சு இப்பால் வராது. ஆனால் நண்பகல் வெயிலில், மழை ஈரத்தில், இரவு நெரிசலில் ஒரு நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள். உணரியின் மீது விழும் ஒளியில் நமக்கு வேண்டியது எள்ளளவு, மீதியெல்லாம் வேண்டாதது. அந்த வேண்டாத ஒளி என்னென்ன வகையில் தொல்லை தருகிறது, எதை எப்படி விலக்குகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

உணரிக்கு என்ன தெரியும்?

எல்லாச் சிக்கலுக்கும் வேர் ஒளியுணரியின் இயல்பில் இருக்கிறது. போட்டோடையோடு எனப்படும் சிறு குறைக்கடத்தித் துண்டின் மேல் ஒளி விழுந்தால் மின்னோட்டம் பிறக்கும். அதிக ஒளிக்கு அதிக மின்னோட்டம், அவ்வளவுதான். விளக்கு எரிந்தால் 1, அணைந்தால் 0 என்று வைத்துக்கொண்டால், மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் படித்துச் செய்தியைத் திரும்ப எடுத்துவிடலாம்.

ஆனால் அந்த ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்த விளக்கிலிருந்து வந்தது என்பதெல்லாம் போட்டோடையோடுக்குத் தெரியாது. நிறம்கூடத் தெரியாது. தன் மேல் விழும் எல்லா ஒளியையும் கூட்டி, ஒரே ஓர் எண்ணாகத் தருகிறது. சூரியனும் தெருவிளக்கும் பக்கத்துத் தடத்துக் காரும் அந்த ஒற்றை எண்ணுக்குள்தான் கலந்துகிடக்கின்றன. பள்ளியில் படித்திருப்போம்: இரண்டு ஒளியலைகள் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக் கருப்புக் கோடுகளை உண்டாக்கும் என்று. இங்கே நடப்பது அதுவல்ல. தனித்தனி எல்இடிகளின் ஒளியலைகள் ஒன்றோடொன்று ஒத்திசைந்து வருபவை அல்ல என்பதால், அவை அழித்துக்கொள்வதில்லை, வெறுமனே கூடுகின்றன. கூட்டப்பட்ட தொகையிலிருந்து ஒரு பங்கை மட்டும் பிரித்தெடுப்பதே நம் வேலை.

வெயில்

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்னும் அலகால் அளப்பார்கள். நேரடி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். ஒரு பிரேக் லைட்டின் ஒளிச்செறிவு 100 கேண்டெலா என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் பின்னால் அது தரும் வெளிச்சம், 100-ஐ 20-இன் வர்க்கமான 400-ஆல் வகுத்தால் கிடைப்பது: கால் லக்ஸ். நேரடி வெயிலில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. உணரி சாலையை நோக்கிக் கிடைமட்டமாக இருப்பதால் பெரும்பாலான நேரம் சூரியன் நேராக அதன் மேல் விழாது. ஆனாலும் வானமும் தார்ச்சாலையும் மற்ற வண்டிகளின் தகடுகளும் சிதறடிக்கும் பகல் வெளிச்சமே விளக்கின் ஒளியைவிடப் பல மடங்கு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். வெயில் துடிப்பதில்லையே, ஒரே சீராகத்தானே இருக்கிறது? மாறாத மின்னோட்டத்தை ஒரு மின்தேக்கியை வைத்தே தடுத்து, மாறும் பகுதியை மட்டும் உள்ளே விடலாமே? விடலாம், விடவும் செய்கிறார்கள். அதற்குப் பிறகும் இரண்டு தொல்லைகள் மிஞ்சும்.

ஒன்று எளியது. உணரிக்கும் அதன் பெருக்கிக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. வெயில் அந்த வரம்பு வரை நிரப்பிவிட்டால், அதற்கு மேல் வரும் விளக்கின் துடிப்பு எங்கும் பதியாது.

இரண்டாவதுதான் ஆழமானது, இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் நின்று கவனிக்க வேண்டியது. ஒளி சீராக வருவதுபோலத் தோன்றினாலும் அது ஃபோட்டான் என்னும் துகள்களாகத்தான் வருகிறது. அவை வரும் நேரம் ஒழுங்கற்றது. தகரக் கூரையில் சீராகக் கொட்டும் மழையைக் கேளுங்கள். மழையின் அளவு மாறாவிட்டாலும் ஒலி ஒரே சீராக இருப்பதில்லை, சடசடவென்று இருக்கிறது. தனித்தனித் துளிகள் ஒழுங்கின்றி விழுவதால் வரும் சடசடப்பு அது. சூரிய ஒளி உண்டாக்கும் மின்னோட்டத்திலும் அதே சடசடப்பு உண்டு. இதைச் சிதறல் இரைச்சல் என்று சொல்லலாம். மின்தேக்கியால் சராசரியை நீக்க முடியும். சடசடப்பை நீக்க முடியாது. ஏனென்றால் அது எல்லா அதிர்வெண்களிலும் பரவிக்கிடக்கிறது, நம் செய்தி இருக்கும் அதிர்வெண்ணிலும்.

ஒரே ஆறுதல், இந்த இரைச்சல் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் வளர்கிறது. பின்புல ஒளி 100 மடங்கானால் இரைச்சல் 10 மடங்கு. திருப்பிப் பார்த்தாலும் அப்படியே: வெயிலில் நூறில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி போட்டால் இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறையும், நம் ஒளி அந்த வடிகட்டியில் மாட்டிக்கொள்ளாதவரை.

அந்த வடிகட்டியை எங்கே போடுவது? சிலிக்கான் போட்டோடையோடு சுமார் 400 முதல் 1100 நானோமீட்டர் அலைநீளம் வரை உணரும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில்தான் அதன் உணர்வு மிகக் கூர்மை. அதாவது கண் பார்க்காத வெயிலையும் சேர்த்துத்தான் அது கூட்டிக்கொண்டிருக்கிறது. பிரேக் லைட்டின் சிவப்போ 620, 630 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டைக்குள் அடங்கிவிடும். அந்தப் பட்டையை மட்டும் விடும் கண்ணாடி வடிகட்டியை முன்னால் வைத்தால் வெயிலின் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும்.

ஹெட்லைட்டுக்கு இந்த வசதி இல்லை. வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி. அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் நீலத்தின் ஒரு பங்கை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த ஒளி முழு நிறமாலையிலும் பரவியிருப்பதால், குறுகிய வடிகட்டி போட்டால் நம் சமிக்ஞையையும் சேர்த்து எறிந்துவிடுவோம். போதாததற்கு பாஸ்பர் மெதுவாகத்தான் அணையும். அதனால் துடிப்பின் வேகம் சில மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நீலப் பகுதியை மட்டும் பிரித்து வாங்குவது இரண்டு நோய்க்கும் ஓரளவு மருந்து: வேகமும் கூடும், வெயிலும் குறையும். விலையாகக் கொடுப்பது ஒளியின் பெரும் பங்கை.

வடிகட்டி எவ்வளவு நல்லதானாலும் காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து, முன்வண்டிக்குப் பின்னால் சாலையின் முடிவில் வந்து நிற்கும் நேரம் கடினமானது. அப்போது உணரி பார்க்க வேண்டிய திசையிலேயே சூரியன் இருக்கிறது. கிழக்கு மேற்காக ஓடும் எந்தச் சாலைக்கும் இது உண்டு. 1880-இல் அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லும் சார்லஸ் சம்னர் டெய்ன்டரும் வாஷிங்டனில் ஒளியின் மீது குரலை ஏற்றி 213 மீட்டர் தூரம் அனுப்பியபோது, செய்தியைச் சுமந்தது சூரிய ஒளிதான். அன்று சுமந்த அதே சூரியன்தான் இன்று இந்தத் தொழில்நுட்பத்தின் முதல் எதிரி.

துடிக்கும் விளக்குகள்

இது ஒப்பீட்டளவில் சிறிய தொல்லை. மாறுதிசை மின்சாரத்தில் எரியும் விளக்குகள் மின்சார அதிர்வெண்ணின் இரு மடங்கில் துடிக்கும். இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 100 துடிப்பு. ஜப்பானில் தோக்கியோ பக்கம் 50, நகோயா பக்கம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் ஒரே நாட்டுக்குள் நூறும் உண்டு, நூற்றிருபதும் உண்டு. மின்னணுச் சோக் கொண்ட குழல்விளக்குகள் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் துடிக்கும். பல கார்களின் எல்இடி பின்விளக்குகளே மங்கலாக எரிய வேண்டிய நேரத்தில் நொடிக்குச் சில நூறு தடவை அணைந்து எரிந்துதான் அந்த மங்கலைக் காட்டுகின்றன.

இவற்றுக்கு மருந்து, செய்தியை எழுதும் முறையிலேயே இருக்கிறது. 1-ஐ "எரி" என்றும் 0-ஐ "அணை" என்றும் நேராக எழுதாமல், ஒவ்வொரு பிட்டையும் இரண்டு பாதியாக்கி, ஒன்றுக்கு "எரிந்து அணை", மற்றதற்கு "அணைந்து எரி" என்று எழுதுவதை மான்செஸ்டர் குறியீடு என்பார்கள். எத்தனை பூச்சியங்கள் தொடர்ந்து வந்தாலும் விளக்கு நீண்ட நேரம் அணைந்திருக்காது. அதனால் தாழ்ந்த அதிர்வெண்களில் செய்தி ஏறத்தாழ இருப்பதே இல்லை. அந்தப் பகுதியை முழுசாக வெட்டி எறிந்தால் தெருவிளக்கின் துடிப்பும் அதோடு போய்விடும். கண்ணுக்கு மினுக்கல் தெரியாது என்பது கூடுதல் லாபம். இந்த வகை ஒளித் தொடர்புக்காக ஐஇஇஇ என்னும் பொறியாளர் அமைப்பு 2011-இல் வெளியிட்ட 802.15.7 தரநிலை, ஒளியின் ஏற்ற இறக்கம் 5 மில்லிநொடிக்கு மேல் நீடிக்கக் கூடாது என்று, அதாவது 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்று கேட்கிறது. வெளிப்புறப் பயன்பாட்டுக்கான அதன் மெதுவான வகையில் இந்தக் குறியீடே இடம்பெற்றிருக்கிறது.

பக்கத்துத் தடத்துக் கார்

வெயிலுக்கு வடிகட்டி உண்டு, தெருவிளக்குக்குக் குறியீடு உண்டு. இன்னொரு வண்டி அனுப்பும் செய்திக்கு இரண்டும் உதவாது. அதே சிவப்பு, அதே துடிப்பு வேகம், அதே குறியீட்டு முறை. எல்லா வண்டியும் ஒரே தரநிலையில் பேச வேண்டும் என்பதுதானே நோக்கம்? ஆகவே இந்தத் தொழில்நுட்பம் எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு இந்தக் குறுக்கீடும் பெருகும். என் பார்வையில் வெயிலைவிட இதுதான் பெரிய சவால். வெயில் ஏமாற்றாது, செய்தியை அழிக்க மட்டுமே செய்யும். பக்கத்துக் காரின் செய்தியோ, சரியாகப் படிக்கப்பட்ட, பிழையே இல்லாத, ஆனால் நமக்குப் பொருந்தாத செய்தியாக வந்து சேரலாம். வேறொரு தடத்தில் ஒருவர் பிரேக் போட்டதற்கு நம் வண்டி நின்றால், நமக்குப் பின்னால் வருபவர் என்ன செய்வார்?

தூரம் இதை இன்னும் மோசமாக்கும். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால், நமக்கு வேண்டிய முன்வண்டி 30 மீட்டரிலும் பக்கத்துத் தடத்து வண்டி 10 மீட்டரிலும் இருந்தால், இரண்டும் ஒரே அளவு விளக்கு என்று கொண்டாலும், வேண்டாதது ஒன்பது மடங்கு பலமாகக் கேட்கும். விளக்கு நேர் பின்னால்தான் அதிகம் வீசும், பக்கவாட்டில் குறையும் என்பதால் உண்மையில் இந்த மடங்கு சற்றுக் குறையலாம், சிக்கல் மறைந்துவிடாது.

வானொலி அலைகளில் பேசும் கருவிகளிடம் இதற்கு ஒரு நாகரிகம் உண்டு: பேசுமுன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்ப்பது. வைஃபை இப்படித்தான் ஓடுகிறது. ஒளியில் அது கைகொடுக்காது. பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு கார்களின் பின்விளக்குகளும் பின்னோக்கியே பார்க்கின்றன. ஒன்றின் விளக்கு மற்றதற்குத் தெரியவே தெரியாது. இருவரும் அமைதி என்று நம்பி ஒரே நேரத்தில் பேசுவார்கள். பின்னால் வரும் மூன்றாமவரின் உணரியில் இரண்டும் மோதும். மோதல் நடந்ததே பேசியவர்களுக்குத் தெரியாது.

செயற்கைக்கோள் நேரத்தை வைத்து ஆளுக்கொரு நேரத்துண்டு பிரித்துக்கொடுப்பது, ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் குறியீட்டு வரிசை கொடுத்து அதை வைத்துப் பிரிப்பது, சிறு செய்தியைத் தற்செயலான இடைவெளிகளில் பல தடவை அனுப்பி ஏதாவது ஒன்று மோதாமல் போகும் என்று நம்புவது என்று பல வழிகள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. எல்லாமே உதவும். ஆனால் இவையெல்லாம் வானொலியிலிருந்து வாங்கிய வழிகள். ஒளிக்கே உரிய வழி வேறு: திசை.

உணரியின் பார்வைக் கோணத்தைக் குறுக்கிப் பாருங்கள். தடத்தின் அகலம் 3.5 மீட்டர் என்றால், பக்கத்துத் தடத்தில் 20 மீட்டர் முன்னால் போகும் வண்டி நம் நேர்க்கோட்டிலிருந்து சுமார் 10 பாகை விலகியிருக்கும். ஒரு லென்ஸை வைத்து அதற்கும் குறைவான கோணத்தை மட்டும் பார்த்தால் அது வெளியே போய்விடும். ஆனால் 50 மீட்டரில் அதே வண்டி 4 பாகைக்குள் வந்துவிடும். இன்னும் குறுக்கலாமா? குறுக்கினால், சாலை சற்று வளைந்ததும் நமக்கு வேண்டிய வண்டியே பார்வையை விட்டுப் போய்விடும். ஒற்றை உணரியை வைத்துக்கொண்டு இந்த இழுபறியிலிருந்து தப்ப முடியாது.

கேமரா வந்ததும் என்ன மாறியது?

ஒற்றை உணரிக்குப் பதில் லட்சக்கணக்கான உணரிகளை வரிசையாக அடுக்கி, முன்னால் ஒரு லென்ஸ் வைத்தால் அதுதான் கேமரா. ஒவ்வொரு பிக்சலும் ஒரு சிறு திசையை மட்டும் பார்க்கிறது. சூரியன் ஒரு மூலைப் பிக்சல்களில் விழும், பக்கத்துக் கார் இன்னொரு பக்கம், நம் முன்வண்டி நடுவில். கூட்டி ஒன்றாக்கப்படுமுன்பே எல்லாம் பிரிந்துவிடுகின்றன. எந்தச் செய்தி எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதும் படத்திலேயே தெரிந்துவிடும் என்பதால், அடுத்த தடத்தின் பிரேக்கை நம்முடையதாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் பெரிதும் குறைகிறது.

ஒரு கணக்கு: 40 பாகை அகலத்தை 1280 பிக்சல்களால் பார்க்கும் கேமராவில் ஒரு பாகைக்கு 32 பிக்சல். 50 மீட்டரில் 1.2 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பின்விளக்குகள் சுமார் 44 பிக்சல் தள்ளி விழும். தாராளமாகப் பிரித்துப் படிக்கலாம். ஒவ்வொரு விளக்கிலும் தனிச் செய்தி அனுப்பினாலும்கூட.

குறை வேகத்தில் இருக்கிறது. சாதாரணக் கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கும். அதை வைத்து நேரடியாகப் படித்தால் நொடிக்கு 15 பிட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நகோயா பல்கலைக்கழகத்தில் தக்காயா யமசாத்தோவும் அவருடன் பணியாற்றியவர்களும் அதிவேகக் கேமராக்களை வைத்து, எல்இடி வரிசைகளிலிருந்து ஓடும் வண்டிக்குச் செய்தி அனுப்பும் சோதனைகளை ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். அங்கே வேறு வகைக் குறுக்கீடு ஒன்று எதிர்ப்பட்டது: தூரத்தில் இருக்கும்போது அடுத்தடுத்த எல்இடிகளின் உருவம் ஒரே பிக்சலில் கலந்துவிடும். அவர்கள் கண்ட விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. முக்கியமான செய்தியைப் பெரிய திட்டுகளாகவும், கூடுதல் விவரங்களை நுண்ணிய வடிவங்களாகவும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த வரிசையில் எழுதினார்கள். தூரத்தில் உருவம் கலங்கினாலும் பெரிய திட்டுகள் தெரியும், முக்கியச் செய்தி கிடைத்துவிடும். நெருங்க நெருங்க மீதியும் படிக்கக் கிடைக்கும்.

2014 வாக்கில் ஷிசுவோக்கா பல்கலைக்கழகமும் டொயோட்டாவின் மத்திய ஆய்வகமும் சார்ந்த குழு இதற்கென்றே ஒரு தனிக் கேமராச் சில்லை (சிப்) வைத்துச் சோதனை நடத்தியது. படம் எடுக்கும் பிக்சல்களோடு, தொடர்புக்கென்று தனிப் பிக்சல்களும் அதில் உண்டு. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரே ஒரு பிட் கொண்ட, பளிச்சென்ற விளக்குகள் மட்டும் பதியும் படத்தை வைத்து விளக்கு எங்கே என்று கண்டுபிடித்து, அந்த இடத்துப் பிக்சல்களிலிருந்து மட்டும் நொடிக்கு 10 மெகாபிட் வரை படிக்கலாம். ஓடும் கார்களுக்கிடையே அதைச் சோதித்தும் காட்டினார்கள்.

ஈரமும் மூடுபனியும்

மழையில் நனைந்த சாலை கண்ணாடிபோல் மின்னும்போது எதிரொளியும் சேர்ந்து வந்து செய்தியைக் குழப்பாதா என்று கேட்பவர்கள் உண்டு. தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் விளக்கும் உணரியும், நடுவில் 20 மீட்டர் என்றால், தரையில் பட்டுத் திரும்பும் ஒளி கூடுதலாகப் போகும் தூரம் 5 சென்டிமீட்டர்தான். அதனால் வரும் தாமதம் ஒரு நானோநொடியில் ஆறில் ஒரு பங்கு. நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு பிட்டின் நீளமே 1000 நானோநொடி. ஆகவே சொந்த எதிரொளியால் தொல்லை இல்லை. வரும் ஒளி சற்றுக் கூடவும் செய்யும். தொல்லை மற்ற வண்டிகளின் எதிரொளியால்தான்: பார்வைக் கோணத்துக்கு வெளியே இருக்கும் ஹெட்லைட் ஈரச் சாலை வழியாக உள்ளே நுழைந்துவிடும்.

மூடுபனி குறுக்கிடுவதைவிட அதிகமாக விழுங்குகிறது. பார்வைத் தொலைவு 50 மீட்டர் என்று சொல்லும்போது, பரவலாகப் பயன்படும் ஒரு வரையறைப்படி, அந்தத் தொலைவில் நேராக வந்து சேரும் ஒளி 2 சதவீதம்தான் என்று பொருள். அதில் பாதித் தொலைவான 25 மீட்டரில் 14 சதவீதம். மீதி ஒளி அழிவதில்லை, எல்லாப் பக்கமும் சிதறுகிறது. நம் ஹெட்லைட்டின் ஒளியே நம் உணரிக்குள் திரும்பி வருகிறது. மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கைக்கும் இங்கே பெரிய ஆதாரம் இல்லை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கின்றன.

எவ்வளவு குறுக்கீட்டைத் தாங்கலாம்?

அது அனுப்பும் செய்தியைப் பொறுத்தது. ஒரு பிரேக் எச்சரிக்கை 100 பைட், அதாவது 800 பிட் என்று கொள்வோம். முன்சொன்ன தரநிலையின் மிக மெதுவான வேகமான நொடிக்கு 11.67 கிலோபிட்டில்கூட அது 69 மில்லிநொடியில் போய்விடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒன்றரை மீட்டர் நகரும் நேரம். நொடிக்கு 100 கிலோபிட் கிடைத்தால் 8 மில்லிநொடி போதும். அதையே பத்துத் தடவை திருப்பி அனுப்பினாலும் 80 மில்லிநொடிதான். மோதலோ பக்கத்து விளக்கோ ஒரு கணம் கெடுக்கும் குறுக்கீடுகளுக்கு இந்தத் திருப்பி அனுப்பலே போதுமான காப்பு. ஆகவே ஒளியிடம் காணொளிப் பரிமாற்றத்தைக் கேட்பதைவிட, இதுபோன்ற சிறிய, அவசரமான செய்திகளைக் கேட்பதே அறிவுடைமை என்று நினைக்கிறேன்.

தாழ்ந்த சூரியனும் மூடுபனியும் ஒரு கணத்தில் போகிறவை அல்ல. எத்தனை தடவை அனுப்பினாலும் அத்தனையும் கெடும். அதனால்தான் ஒளியை மட்டும் நம்பாமல், 5.9 கிகாஹெர்ட்ஸ் வானொலித் தொடர்போடு சேர்த்து வைக்கும் கலப்பு முறையை ஆய்வாளர்கள் பலர் விரும்புகிறார்கள். இஸ்தான்புல்லின் கோச் பல்கலைக்கழகக் குழு, நெருக்கமாக அணிவகுத்து ஓடும் வண்டிகளுக்கு இப்படியொரு இரட்டை முறையை ஆராய்ந்திருக்கிறது. வண்டிகள் நெருங்கி நிற்கும் நெரிசலில் வானொலி அலைவரிசை நிரம்பி வழியும். தூரம் குறைந்திருப்பதால் ஒளி அப்போது பலமாக இருக்கும். வெயிலும் பனியும் ஒளியை அடக்கும். வானொலிக்கு அவை ஒரு பொருட்டல்ல. வேண்டுமென்றே ஒருவர் வானொலியை முடக்கினால், அவரால் அதே இடத்திலிருந்து இரண்டு வண்டிகளுக்கு நடுவே உள்ள ஒளியையும் முடக்குவது எளிதல்ல. அதற்கு அவர் அந்த உணரியின் பார்வைக்குள் வந்தாக வேண்டும்.